நுங்குக்குக் கேட்டது

கார் மலை மண்பாதையில் ஏறி வாடகைப் பங்களா வாசலில் நின்றபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். தங்கச்செல்வி கதவைத் திறந்து காலை வெளியே வைப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் உள்ளே வந்துவிட்டது. எங்கோ மேலே, மரங்களுக்குப் பின்னால், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவள் பிறந்தது திருச்சுழி. வாழ்க்கைப்பட்டது பாளையம்பட்டி. இரண்டு ஊரிலும் ஆடி மாதம் என்றால் புழுதிக் காற்றுதான். கருவேலங்காட்டைச் சுற்றிவந்து, வீட்டுக்குள் ஒரு படி மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்தவளுக்கு, யாரும் பிடிக்காமல், யாரும் நிறுத்தாமல் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருப்பது நம்பவே முடியாத ஊதாரித்தனமாகத் தோன்றியது. சிரித்தாள். பதினோரு மாதத்தில் புருசன் அவளை வெளியே கூட்டிவந்தது இதுதான் முதல் தடவை.

பின் இருக்கையிலிருந்து நுங்கு குதித்திறங்கியது.

நுங்கு ராஜபாளையம் நாய். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. தோல் உரித்த நுங்கைப் போலிருந்ததால் செல்விதான் அந்தப் பெயரை வைத்தாள். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அது ஒருநாளும் திரும்பியதில்லை. பிறவிச் செவிடு. அந்த இனத்தில் சுத்த வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றுக்குக் காது கேட்காது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். போன தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தபோதும் அது வாசல்படியில் தலைவைத்துத் தூங்கியது.

அதனிடம் பேசக் கைதான். தொடையில் இரண்டு தட்டு தட்டினால் வரும். விரலைக் கீழே காட்டினால் உட்காரும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் படுத்துக்கொள்ளும். கையை முன்னால் தள்ளினால் போகும். கல்யாணமான புதிதில் இன்பராஜ்தான் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தான். பழக்கியதும் தானே என்றான். தனியாகக் கிடந்த காலத்தில் துணைக்கு வாங்கியதாம்.

இன்பராஜுக்குப் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேல் லாரி உதிரிபாகக் கடை. செல்வி அவனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி கோகிலாம்பாள் ஏதோ ஒரு அருவியில் வழுக்கி விழுந்து அந்த நிமிடமே உயிர் போய்விட்டதாக, பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். சொன்னது வேறு யாருமில்லை, செல்வியின் கூடப்பிறந்த அண்ணன் முனீஸ்வரன். இன்பராஜும் அவனும் காலேஜ் காலத்துக் கூட்டாளிகள். "தங்கமான மனுசன் செல்வி. நா பாத்துப் பழகுனவன்" என்றான். அப்பா அம்மா இருவரும் இல்லாத வீட்டில் அண்ணன் சொல்தான் முடிவு. அவள் சரி என்றாள்.

நல்லபடியாகத்தான் வைத்திருந்தான். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் புரியாதது. மத்தியானம் அவன் சாப்பிட வந்தால், நுங்கு எங்கிருந்தாலும் எழுந்து வரும். அவன் சட்டை நுனியைப் பல்லால் கவ்வும். வாசலைப் பார்த்து இழுக்கும். கடிக்காது, குரைக்காது. இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் காலால் தள்ளிவிட்டான். பிறகு அடித்தான். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

"அது என்ன பழக்கம்ங்க? எங்கிட்ட அப்பிடிச் செய்யுறதில்லையே."

"நாய்க்கு என்ன பழக்கம், பைத்தியம் புடிச்சிருக்கு" என்பான்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் சோணைமுத்து சாவிக்கொத்துடன் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய மெலிந்த மனிதர். அவரைக் கண்டதும் நுங்கு ஓடிப்போய் அவர் கையை நக்கியது. வாலாட்டலில் இடுப்பே வளைந்தது. புது ஆள் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற நாய்.

"ஒங்ககிட்ட இப்பிடி ஒட்டிக்கிச்சே!" என்றாள் செல்வி.

சோணைமுத்து அவளைப் பார்க்கவில்லை. இன்பராஜைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எல்லார்ட்டயும் அப்பிடித்தான்" என்று இன்பராஜ் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

பங்களாவில் ஈரமரத்தின் வாடையும் வௌவால் எச்சத்தின் வாடையும் கலந்து கிடந்தன. ஜன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம் பெரிதாகும். சாத்தினால் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு முனகும். போய்ப் பார்க்கலாம் என்று செல்வி துடித்தாள். நாளைக்கு என்றான் அவன். காபி கொண்டுவந்த சோணைமுத்து மெதுவாகச் சொன்னார்:

"மேல மழை இருக்கு தாயி. ஓடைக்குள்ள எறங்கிராதீக. அதுக்குப் பேரே இடுக்குப்பாறை. ரெண்டு பக்கமும் மலைச்சுவரு, நடுவுல ஆளு நொழையுற அளவுதான். மேல பேஞ்ச தண்ணி இங்க சொல்லிக்கிட்டு வராது."

"போதும், போங்க" என்றான் இன்பராஜ்.

மறுநாள் விடிந்து செல்வி எழுந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. கால்மாட்டில் நாயும் இல்லை. பல் துலக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள். எட்டரை மணி வாக்கில் அவன் மட்டும் பாதையில் இறங்கி வந்தான். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நுங்கு எங்கங்க?"

"நடக்கக் கூட்டிட்டுப் போனேன். காட்டுக்குள்ள ஓடிருச்சு. ஒருமணி நேரமாத் தேடிட்டேன். இந்தக் காட்டுல சிறுத்தை இருக்காம். நீ பைய எடு, கெளம்புவோம்."

"தேடாம எப்பிடிங்க போறது? கூப்பிட்டாக்கூடக் கேக்காதே அதுக்கு."

"செல்வி. பைய எடுன்னேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. அவசரம் இருந்தது. கொலுசு தொலைந்தாலே இரண்டு நாள் தேடுகிற மனிதன், மூன்று வருசம் வளர்த்த நாயை ஒருமணி நேரத்தில் முடித்துவிட்டான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போகும்போது, செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு பாதையில் ஏறினாள்.

பின்னால் அவன் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை.

ஐந்து நிமிட ஏற்றம். போகப்போக வெளிச்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் கரிய பாறைச்சுவர்கள் எழும்பி ஒன்றையொன்று நெருங்கின. பாசி வாடை. ஈரம் முகத்தில் தூசியைப்போல் வந்து ஒட்டியது. பாதை முடிகிற இடத்தில் இருபதடி உயரத்திலிருந்து தண்ணீர் ஒரு குழிக்குள் விழுந்தது. குழியின் வாயில் யானை படுத்ததைப் போல இரண்டு உருண்டைப் பாறைகள். அவற்றுக்கு நடுவே கறுப்பாக ஒரு இடுக்கு.

அங்கே ஒரு மரத்தின் வேரில் நுங்கு கட்டப்பட்டிருந்தது.

செல்வி முட்டிபோட்டு உட்கார்ந்து கயிற்றைத் தொட்டாள். லாரித் தார்ப்பாயை இறுக்குகிற நைலான் கயிறு. கடையிலிருந்து எடுத்து வந்தது. லோடு கட்டுகிற முடிச்சு, ஒன்றல்ல, நான்கு. நாய் பல்லால் கடித்து அறுக்க முடியாதபடி கழுத்தை ஒட்டி வைத்துக் கட்டியிருந்தான்.

ஓடவில்லை. தொலையவில்லை. கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

'நுங்கையும் கூட்டிட்டுப் போவோம்' என்று அவன் சொன்னபோது அவள் எவ்வளவு சந்தோசப்பட்டாள்! இரண்டு நாளாக முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்தாள். அதெல்லாம் இதற்குத்தானா? நகம் பெயர முடிச்சுகளை அவிழ்த்தபோது கண்ணீர் கயிற்றில் சொட்டியது. நாய் அவள் தாடையை நக்கியது.

நான்காவது முடிச்சு அவிழ்ந்தது.

அப்போது நுங்கு காதுகளைத் தூக்கியது.

செல்விக்கு முதலில் உறைக்கவில்லை. தொங்குகிற அந்தக் காதுகள் அடியோடு எழும்பி முன்னால் திரும்பின. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மற்ற நாய்கள் தெருவில் எஜமானின் வண்டிச் சத்தத்துக்குச் செய்கிற மாதிரி.

பதினோரு மாதத்தில் அவள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

அருவி இரைந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் ஆள் நின்று பேசினால்கூடக் கேட்காது. நுங்கு எதையோ கேட்டது. வால் ஒருமுறை ஆடியது. எழுந்து பாறை விளிம்புக்குப் போனது.

உட்கார்ந்தது.

படுத்தது.

எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

செல்வியின் கைகள் மடியில் கிடந்தன. அவள் எந்தச் சைகையும் காட்டவில்லை.

அவள் மெல்ல எழுந்து, நாய் பார்க்கிற திசையில் பார்த்தாள். சாரலுக்கு நடுவே, இரண்டு பாறைகளின் இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வரைக்கும். பெண்ணின் கை. தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. நகங்கள் பாதிக்குமேல் வளர்ந்து, மருதாணிச் சிவப்பு நுனியில் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்தக் கை விரலைக் கீழே காட்டியது. நுங்கு உட்கார்ந்தது.

கை மூடியது. முஷ்டியை உள்பக்கமாக இழுத்து, பிறகு விரல்களை விரித்து வெளியே வீசியது. செல்விக்கு யாரும் சொல்லித் தராத சைகை.

நுங்கு திரும்பி ஓடிவந்தது. அவள் துப்பட்டாவைப் பல்லால் கவ்வியது. இழுத்தது.

"ஏங்க!" என்று கத்தினாள் செல்வி. "யாரோ விழுந்து கெடக்காக! ஓடியாங்க!"

இன்பராஜ் அவளைத் தேடிக்கொண்டு ஏறி வந்திருந்தான். பாதையின் திருப்பத்தில், முப்பதடி தூரத்தில் நின்றான். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கை தெரிந்தது. முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது.

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"ஏங்க, வாங்க! நா புடிக்கிறேன், நீங்க ஆளக் கூப்பிடுங்க!"

யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஒரு உயிர் போகிறது என்று மட்டும்தான் நினைத்தாள். பாசிப் பாறையில் உட்கார்ந்து சறுக்கி, இடுப்பளவு நனைந்து, அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

"பயப்படாதீக, பயப்படாதீக, நா புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். கை வரவில்லை. தோளைப் பிடிக்கலாம் என்று குனிந்து இடுக்குக்குள் பார்த்தாள்.

தோள் இல்லை.

இடுக்கு நான்கு விரல் அகலம்தான். பூனை நுழைய முடியாது. உள்ளே கறுப்புத் தண்ணீர் மட்டும் சுழன்றது.

அவள் கையை விட்டாள். அது விடவில்லை. ஐந்து விரல்களும் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. மேலே எங்கோ பாறைகள் உருளுகிற ஓசை கேட்டது. குழித்தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. இடுப்பிலிருந்த தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. வயிற்றிலிருந்து மார்புக்கு.

"ஏங்க! ஏங்க!"

திருப்பத்தில் அவன் முதுகு தெரிந்தது.

போய்க்கொண்டிருந்தான். ஓடவில்லை, ஆள் கூப்பிடப் போகிறவன் என்றால் ஓடுவான். தோளைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு காதையும் கைகளால் பொத்திக்கொண்டு, நடந்து போனான்.

செல்வி கத்துவதை நிறுத்தினாள். தண்ணீரைவிட அந்த முதுகு அவளை அதிகமாக நடுங்க வைத்தது. இவனுக்கா சமைத்துப் போட்டேன்? இவன் பக்கத்திலா பதினோரு மாதம் கண்ணை மூடித் தூங்கினேன்?

அந்தக் கையும் அசையாமல் இருந்தது. அதுவும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

பிறகு ஒரு விரல் விலகியது. இன்னொரு விரல். ஐந்தும் விலகின. வெளுத்த உள்ளங்கை விரிந்து, அவளை நோக்கி ஒருமுறை முன்னால் தள்ளியது.

போ.

நுங்கு மேலே நின்று அவள் துப்பட்டாவைக் கவ்வி, நான்கு காலையும் ஊன்றி இழுத்தது. கழுத்து நெரிந்தது. அவள் வேரைப் பிடித்தாள். முழங்கால் தோல் உரிய ஏறிப் புரண்டு பாதையில் விழுந்தாள். அடுத்த மூச்சுக்குள் மேலிருந்து பழுப்பு வெள்ளம் மரக்கிளைகளோடு இறங்கியது. அவள் நின்ற குழி இருந்த இடமே தெரியவில்லை.

நடந்தே வந்தாள். கார் பங்களா வாசலில், கதவுகள் மூடி, கண்ணாடிகள் முழுக்க ஏற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. உள்ளே பாட்டுச் சத்தம். இன்பராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வி கண்ணாடியைத் தட்டினாள்.

அவன் திரும்பினான். நனைந்த தலைமுடி முகத்தில் ஒட்டி நின்ற அவளைப் பார்த்தான். அவன் உதடுகள் ஒரு பெயரைச் சொன்னது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் பெயர் இல்லை.

'கோகிலா.'

கதவுப் பூட்டுகள் நான்கும் ஒன்றாக டக்கென்று விழுந்தன. கார் பின்னால் உருண்டு, திரும்பி, சரளை தெறிக்க மலையிறங்கிப் போனது.

சோணைமுத்து ஓடிவந்தார். அவளைப் பிடித்துத் திண்டில் உட்கார வைத்து, துண்டைக் கொடுத்தார்.

"இவுக மொத சம்சாரம் இங்கதான் செத்தாகளா?" என்று கேட்டாள் செல்வி.

"ஆமா தாயி."

"விழுந்த ஒடனேவா?"

"இல்ல." அவர் குரல் இறங்கியது. "காலு அந்த இடுக்குல மாட்டிக்கிச்சு. நா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். மூணு மணிக்குத் திரும்பி வந்தா, இப்ப நின்ன மாதிரியே காரு நிக்குது. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு இவுக உள்ள ஒக்காந்து போன்ல 'முனீஸு, முனீஸு'ன்னு பேசிக்கிட்டு இருக்காக. இந்த நாய் இருக்கே, கார் கதவப் பிறாண்டுது, மேல ஓடுது, திரும்பி வந்து பிறாண்டுது. அந்தம்மா வளத்த நாய் தாயி இது. வாய்க்கு வேலையே இல்லாம கையாலயே பேசுவாக அதுகிட்ட. அன்னைக்கும் கையக் காட்டி அத அனுப்பிக்கிட்டே இருந்திருக்காக, புருசனக் கூட்டியான்னு. நா மேல ஏறிப் போறப்ப தண்ணிக்கு வெளிய அந்தக் கையி மட்டுந்தான் தெரிஞ்சுது."

செல்வி நாயின் முதுகில் கையை வைத்தாள். மத்தியானமானால் சட்டையைக் கவ்வி வாசலுக்கு இழுத்தது பைத்தியம் அல்ல. கோகிலா சொன்ன வேலையை அது இன்னும் முடிக்கவில்லை. தான் வளர்த்த நாய் என்று அவன் சொன்னதும் பொய். அவளை இங்கே கூட்டிவந்ததே அந்த நாயை இங்கே விட்டுத் தொலைப்பதற்கு.

"நீங்க யார்ட்டயும் சொல்லலையா?"

"விழுந்ததும் உசுரு போயிருச்சுன்னு சொல்லச் சொன்னாக. எம் பொழப்பு போயிருமேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்" என்று தலையைக் குனிந்தார் சோணைமுத்து.

செல்வியின் போன் பங்களாவுக்குள் கட்டிலில் இருந்தது. எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னத்தா, அருவி எப்பிடி இருக்கு?" என்றான் முனீஸ்வரன் உற்சாகமாக.

"இடுக்குப்பாறைல நிக்கிறேன். அன்னைக்கு அவுக காருக்குள்ள ஒக்காந்து ஒங்கிட்டதான் பேசுனாகளா?"

அந்தப் பக்கம் லாரி ஹாரன் ஒன்று கேட்டு ஓய்ந்தது. பிறகு அவன் கேட்டான்:

"யாரு சொன்னா?"

இல்லை என்று சொல்லவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

சோணைமுத்து ஏற்பாடு செய்த காய்கறி வேனில் நாயோடு விருதுநகர் வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துத் திருச்சுழி சேர்ந்தாள். அப்பா கட்டிய வீடு அவள் கல்யாணம் ஆனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, ஒரு அறையை மட்டும் கூட்டி, பாயை விரித்துப் படுத்தாள். காய்ச்சல் கண்டது. பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் அக்கா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். செல்வி எதுவும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய அண்ணனுக்கு அவளுக்கு முன்பே எல்லாம் தெரியும்.

நான்காம் நாள் உச்சிவெயிலில் முனீஸ்வரன் வந்தான். உள்ளே வராமல் பின்கட்டில் வேப்பமர நிழலில் நின்றான். நுங்கு அவனைப் பார்த்துவிட்டு அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

"மாப்ள நாலு நாளாச் சாப்பிடல. கடையத் தொறக்கல. ஒன்னய வரச் சொல்றான். அழுகுறான் செல்வி."

"அன்னைக்கு ஒங்கிட்ட என்னண்ணே சொன்னாக?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லு."

அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். "ரெண்டு பேருக்கும் சண்டையாம். அவ கோவிச்சுக்கிட்டு எறங்கி நடந்திருக்கா, கால் மாட்டிக்கிச்சு. ஆளு வந்து பாத்தா தள்ளிவிட்டான்னு சொல்லிருவாகளோன்னு பயந்துட்டான். 'முனீஸ் அண்ணன்கிட்டச் சொல்லி ஆள் கூட்டியாறேன், பொறுத்துக்க'ன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் காருக்கு வந்தானாம். எனக்குப் போன் போட்டான். நாந்தான் சொன்னேன், நீ எறங்காத, எறங்குனா ரெண்டு பேரும் போயிருவீக, பேசாம உள்ள ஒக்காருன்னு."

"தீயணைப்புக்குச் சொன்னியா?"

அவன் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து இலைகளை உருவினான்.

"எம்புட்டு நேரம் பேசுனீக?"

"மூணு மணி நேரம் இருக்கும். வச்சு வச்சு எடுத்தான்."

"அவ கத்துனது போன்ல கேட்டுச்சாண்ணே?"

"கண்ணாடிய ஏத்திவிடுன்னு சொன்னேன்" என்றான் முனீஸ்வரன்.

செல்வி அவனையே பார்த்தாள். சின்ன வயதில் தேள் கொட்டியபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அண்ணன். அதே தோள்தான்.

"இதத் தெரிஞ்சுக்கிட்டேவா என்னய அவனுக்குக் குடுத்த?"

"அவன் கெட்டவன் இல்ல. பயந்தவன். அவ்வளவுதான். ஒனக்கு என்ன கொற வச்சான்? கெளம்பு, ஊரு சிரிக்கிறதுக்குள்ள." அவன் குனிந்து நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். "இந்தச் சனியன மொதல்ல எங்கயாச்சும் கொண்டு தள்ளணும்."

"கைய எடு. நாளைக்குக் காலைல பாலவனத்தத்துக்குப் போறேன். கோகிலாவோட அம்மா வீட்டுக்கு. அவுக மகளுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு, அவுகளக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் டேசனுக்குப் போறேன். ஓம் பேரும் வரும்."

"ஏய், என்ன பேசுற நீ?"

அவன் குரல் உயர்ந்தது. சட்டென்று பின்கட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தான். பட்டையைப் பிடித்த கை தானாக விட்டது.

அந்த மூலையில் ஒரு போர்வெல் இருந்தது. அறுநூறு அடி. தண்ணீர் வற்றி நான்கு வருசம் ஆகிறது. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, பிளாஸ்டிக் குழாயின் வாயில் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அந்தக் கல்லுக்கு அடியில் தண்ணீர் விழுகிற இரைச்சல் கேட்டது.

முதலில் தூரத்தில் காற்று வருகிற மாதிரி. பிறகு கிட்டத்தில். உயரத்திலிருந்து குழிக்குள், இடைவிடாமல். கருங்கல் லேசாக அதிர்ந்தது. பாசி வாடை வெயிலில் எழுந்து வந்தது.

"போர்ல தண்ணி வருதா?" என்றான் முனீஸ்வரன். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. வராது என்று அவனுக்கே தெரியும்.

நுங்கு எழுந்து நின்றது.

இரைச்சலுக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, ஒரு பெண்குரல் வந்தது. கோபம் இல்லை. அழுகை இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், ஆனாலும் நம்பிக்கையோடு, மரியாதையாகக் கேட்டது.

"முனீஸ் அண்ணே... அவுக ஆளக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்காகளாண்ணே?"